சூடேறும் சீட்டும் நம் லோடு வண்டியும்

உதகை, கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் விடியுமுன்பே புறப்பட்டு விடுகின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தாப் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் ரெக்சின் சீட்டில் உட்காருவது என்பது பனிக்கட்டிமேல் உட்காருவதற்குச் சமம். கீழிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோகும் நம் உறுப்பினர்களின் வண்டிகளும் திரும்பும்போது இதே குளிரில்தான் மலை இறங்குகின்றன.

ஆகவே, உடைப்புக்கு வந்த உயர்ரகக் காரின் முன்சீட்டை வாங்கி நம் லோடு வண்டியில் மாட்டிக்கொண்டால் என்ன என்ற பேச்சு உறுப்பினர்களிடையே எழுந்துள்ளது. பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் தானே நகரும், இன்னொரு பொத்தானை அழுத்தினால் உள்ளே இளஞ்சூடு ஏறும் சீட் அது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத உதிரி இல்லை என்பது தெரிந்ததே. நம் மண்டி வண்டி ஓட்டும் டிரைவரும், "முதலாளி, கீழே வந்து சேர்றதுக்குள்ள இடுப்பு விட்டுப் போகுதுங்க. ஒரு கார் சீட்டு மாட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார். அவர் கேட்டது நியாயமே. ஆனால் பட்டறைக்காரர், "அரை நாள் வேலை, நாலு போல்ட்டு, ரெண்டு ஒயர்" என்று சொன்னதுதான் நம்மை யோசிக்க வைத்தது. விவரம் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள், வண்டிப் பட்டறை நடத்துபவர்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் ஆகியோரிடம் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது ஒரே சிப்பத்தில் கட்டி வரும் மூன்று சரக்கு. உட்காரும் நாற்காலி ஒன்று, அதை நகர்த்தும் மோட்டார் இரண்டு, சூடேற்றும் கம்பி மூன்று. மொத்தமாக விலை பேசினாலும், மூன்றையும் தனித்தனியே எடை போட்டுத்தான் கொள்முதல் செய்ய வேண்டும். நம் கணக்கில் நாற்காலிக்கு விலை உண்டு, மோட்டாருக்கு இல்லை. சூட்டுக்கு விலை உண்டா என்பது அதனுடன் இன்னும் இரண்டு சாமான் வருகிறதா என்பதைப் பொறுத்தது.

சூடேறும் சீட் குளிர் தேசத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்கக் காடிலாக் கார்களில் 1966-லேயே விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் 1972-ல் டிரைவர் சீட்டுக்கே அதைக் கொண்டுவந்தது. நம் சமவெளிக்கு அது தேவையே இல்லை. மதுரையிலும் வேலூரிலும் சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுபவருக்குச் சீட்டைக் குளிர வைத்தால்தான் உபகாரம். அதற்கும் சீட்டுக்குள்ளேயே சிறு விசிறி வைத்த கார்கள் வந்துவிட்டன. 2017-ல் வந்த ஹூண்டாய் வெர்னாவில் அந்த வசதி இருந்தது. ஆகவே சூட்டுச் சீட் பற்றிய இந்தப் பேச்சு மலைப்பாதை வணிகர்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு நாற்காலி, போல்ட், ஒயரிங், சட்டம் பற்றிய பகுதிகள் பயன்படும்.

இப்போது நாற்காலி. டிரைவர் இடுப்புக்கு உண்மையில் சுகம் தருவது இதுதான். நல்ல நுரை, இடுப்புப் பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கும் முதுகு, தலைக்கு அணை. நம் சிறு லோடு வண்டிகளின் தட்டையான சீட்டில் இவை குறைவு. ஆனால் காரின் மோட்டார் வைத்த சீட் கனமானது. சில 30 கிலோவைத் தொடும். அதன் தண்டவாளத்தின் அகலமும் துளைகளும் நம் வண்டித் தரையில் உள்ள துளைகளோடு ஒருபோதும் பொருந்தா. இங்கேதான் பட்டறைக்காரர் நாலு ஆங்கிளை வெட்டி, வெல்டிங் வைத்து, கைக்குக் கிடைத்த போல்ட்டை முடுக்கி அனுப்பிவிடுகிறார்.

அந்த நாலு போல்ட்டின்மேல் எவ்வளவு பாரம் விழும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவை எல்லாம் தம் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். டிரைவர் 70 கிலோ, சீட் 30 கிலோ, ஆக 100 கிலோ. இருபது மடங்கு என்றால் 20 குவிண்டால். ஐம்பது கிலோ மூட்டை நாற்பதை ஒரே நேரத்தில் அந்த நாலு போல்ட்டில் தொங்கவிடுவது போல. நம் வண்டியின் சொந்தச் சீட்டில் பெல்ட்டின் பூட்டு வண்டித் தரையோடு பொருந்தியிருந்தால் டிரைவரின் பாரம் பெல்ட் வழியே தரைக்குப் போய்விடும். பல கார்களில் அந்தப் பூட்டு சீட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சீட்டை மாட்டி அந்தப் பூட்டையே பயன்படுத்தினால் பெல்ட் இழுக்கும் இழுப்பின் பெரும்பங்கு பட்டறைக்காரர் வைத்த வெல்டிங்கின்மேல்தான் வந்து சேரும்.

ஆகவே போல்ட்டின் தலையைப் பார்க்க வேண்டும். தங்கத்தில் முத்திரை பார்ப்பது போல. 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் பந்தல் போடத்தான் ஆகும். புதிதாகத் துளை போட நேர்ந்தால், தரைக்கு அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். வெறும் வாசர் மட்டும் வைத்தால் மெல்லிய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் மேலே வந்துவிடும். துளை போடுமுன் அடியில் பிரேக் குழாயோ டீசல் குழாயோ போகிறதா என்று படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டின் தண்டவாளத்தின்மேல் நேராக வெல்டிங் வைக்கவே கூடாது. அந்த எஃகு சூடு பட்டால் தன் பலத்தை இழந்துவிடும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் உள்ள தண்டவாளம் சாதாரணத் தண்டவாளத்தைவிட உயரமானது. நாலு விரற்கடை உயர்ந்தால் போதும், டிரைவரின் தலை கூரையில் இடிக்கும், தொடை ஸ்டியரிங்கில் உரசும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது தொடை தடுத்தால் என்ன ஆகும் என்று மலை ஏறி இறங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாருதி ஈக்கோ, 2019 வரை வந்த ஆம்னி ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவற்றில் எஞ்சினே முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால்தான் மெக்கானிக் கை வைக்க முடியும். அங்கே கார் சீட்டை நிலையாக முடுக்கிவிட்டால் சர்வீசுக்கு ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்ற வேண்டும். அதன் ஒயர்களும் எஞ்சின் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அந்த வண்டிக்காரர்களுக்குச் சூட்டுச் சீட் கம்பெனியே இலவசமாகக் கொடுத்திருக்கிறது என்பதுதான் உண்மை!

அடுத்தது, பட்டறைக்காரர்களில் பலரே கவனிக்காத விஷயம். இப்போதைய கார்களில் பலவற்றின் முன்சீட் முதுகின் ஓரத்துக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் சிறு துணிச்சீட்டோ எழுத்தோ தைத்திருக்கும். அடியில் மஞ்சள் நிறப் பிளக் தொங்கும். அந்தப் பைக்குள் இருப்பது வெடித்து வாயுவைக் கக்கும் சாதனம். பழைய காரில் அது வெடிக்காமல் இருந்தால் நம் வண்டிக்கு உயிரோடு வருகிறது என்று பொருள். மஞ்சள் பிளக்கில் மீட்டர் வைத்தோ பல்பு வைத்தோ சோதிக்கவே கூடாது. மீட்டரிலிருந்து போகும் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கப் போதுமாகலாம். சீட்டைக் காரிலிருந்து கழற்றும்போதும் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்தே மஞ்சள் பிளக்கைத் தொட வேண்டும். நம் வண்டியில் அதை இயக்கும் கருவி கிடையாது. ஆகவே பயனும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. காற்றுப்பை உள்ள சீட் என்றால் மலிவு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திரும்பிவிடுவதே நம் யோசனை.

மோட்டார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே டிரைவர் தினமும் ஓட்டும் வண்டியில் சீட்டை ஒருமுறை சரிப்படுத்தினால் வருடம் முழுதும் அப்படியே இருக்கும். அதற்கு மோட்டார் எதற்கு? சீட் கோடிக்குப் போய் முட்டிய பிறகும் பொத்தானை விடாமல் அழுத்தினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு ஏறும். அதனால்தான் பல கார்களில் இந்தச் சுற்றுக்கு மட்டும் 30 ஆம்பியர் பியூஸ் வைக்கிறார்கள். அதற்கேற்ற தடித்த ஒயரைப் பேட்டரியிலிருந்து இழுத்து வரவேண்டும். மோட்டார் நடுவழியில் நின்றுபோனால் சீட்டைக் கையால் நகர்த்தவும் முடியாது. குள்ளமான டிரைவர் ஓட்டிய வண்டியில் உயரமானவர் முட்டி மடங்கி உட்கார வேண்டியதுதான். பெரிய லாரி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காரில் 12 வோல்ட், கனரக லாரிகளில் 24 வோல்ட். கார் சீட்டை அதில் நேராக இணைத்தால் மோட்டாரும் சூட்டுக் கம்பியும் சீக்கிரமே கருகிவிடும்.

இனி சூட்டுக்கு வருவோம். சீட்டின் உறைக்கு அடியில் மெல்லிய கம்பி அல்லது கார்பன் இழை பாம்பு போல வளைந்து வளைந்து ஒரு விரிப்பின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகும். இஸ்திரிப் பெட்டி வேலை செய்வதும் இப்படித்தான். ஒரு சீட் ஏறத்தாழ 5 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டால் பெருக்க 60 வாட். அதாவது ஒரு ஹெட்லைட் பல்பு எரியும் அளவு. பெரிய சுமை இல்லை. ஆனால் பனியில் இரண்டு ஹெட்லைட், வைப்பர், பனி விளக்கு எல்லாம் ஓடும்போது அதோடு இதுவும் சேரும். வண்டியை நிறுத்திய பிறகும் சூடு ஓடிக்கொண்டிருந்தால், 40 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் காலி. காலையில் வண்டி கிளம்பாது.

கம்பி நன்றாக இருக்கிறதா என்று வாங்கும் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கலாம். சூட்டுக் கம்பியின் இரு முனைக்கும் இடையே 1 முதல் 4 ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய காரின் சீட்டாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதைப் பார்த்தோம். தண்டவாளத்தின் மூலையில் வண்டல், பிளக்கின் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு, மூடிய அறை வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பியைவிட முக்கியம் அதன் காவல்காரன். எந்தச் சூட்டுச் சீட்டிலும் சூடு ஓர் அளவைத் தாண்டாமல் அணைக்கும் சாதனம் உண்டு. பழைய ரகங்களில் அது சீட்டுக்குள்ளேயே இருக்கும் சிறு தெர்மோஸ்டாட். புதிய ரகங்களிலோ சீட்டுக்குள் சூட்டை அளக்கும் ஒரு மணி போன்ற உணரி மட்டும் இருக்கும். அதன் அளவைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி வேறிடத்தில், அந்தக் காரிலேயே இருந்துவிடும். சில கார்களில் பொத்தான்கூட நேராக மின்சாரத்தைக் கொடுப்பதில்லை; காரின் கணினிக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. நாம் வாங்கி வருவது சீட்டை மட்டும்தானே? பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்றால், எந்த ஒயர் சூட்டுக் கம்பிக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து, நடுவில் ஒரு சுவிட்சை வைத்துவிடுகிறார்கள். சூடு ஏறுகிறது, வண்டிக்காரர் மகிழ்கிறார். ஏறிய சூட்டை நிறுத்த ஆள் இல்லை என்பது அப்போது தெரிவதில்லை. ஆகவே, காவல் பெட்டியும் உணரியும் பொத்தானும் சேர்ந்து அதே காரிலிருந்து வந்தால் மட்டுமே சூட்டுக்கு விலை கொடுக்கலாம். இல்லையென்றால் அது வெறும் நாற்காலி விலைதான் பெறும்.

நம் வண்டிகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. இடப்பக்கச் சீட்டில் ஆள் உட்காராத நாளில் நாம் சரக்கு வைக்கிறோம். எண்ணெய் டின்னின் விளிம்பு, சர்க்கரைச் சிப்பம், சில்லறைப் பை எல்லாம் அதன்மேல்தான். பின்னால் இருப்பதை எடுக்க முழங்காலை ஊன்றி ஏறுகிறோம். கார்க்காரர் இப்படிச் செய்வதில்லை. கம்பி ஓரிடத்தில் நசுங்கினால் அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி உறையைப் பொசுக்கும். உப்பு மூட்டையின் கசிவு பிளக்கில் இறங்கினால் சொல்லவே வேண்டாம். ஆகவே எப்படியும் இடப்பக்கச் சீட்டுக்குச் சூடு வேண்டாம். டிரைவர் சீட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உடலுக்கு வரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். 44 டிகிரி சூடு என்பது கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதே இடத்தில் ஆறு மணி நேரம் தொடர்ந்தால் தோல் வெந்துவிடும் என்பது மருத்துவர்கள் கண்டறிந்தது. சூடு அதைவிட ஏற ஏற நேரம் மளமளவென்று குறையும். நல்ல உணர்ச்சி உள்ளவர் எரிச்சல் தெரிந்ததும் அணைத்துவிடுவார். பல வருடம் சர்க்கரை நோய் இருந்து உணர்ச்சி மங்கியவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2011-ல் தீக்காய மருத்துவர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் சூட்டுச் சீட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அரசிடம் முறையிட்டதே இத்தகைய நோயாளிகளுக்கு ஏற்பட்ட புண்களால்தான். நாள் முழுதும் கல்லாவில் உட்காரும் நம்மவர்களில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்? வண்டியைத் தாமே ஓட்டும் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மாட்டுவது என்று தீர்மானித்தவர்கள் ஒயரிங்கை நேரில் நின்று பார்க்க வேண்டும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் வைத்தால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது. தகட்டுப் பியூஸ்களுக்கு நிறமே அடையாளம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஒரு சூட்டுச் சீட்டுக்குச் சிவப்பே பெரும்பாலும் போதும். சிவப்பு அடிக்கடி போகிறது என்று பச்சையை மாட்டுவது, கள்ளனைக் கண்டு குரைக்கும் நாயைக் கட்டிப் போடுவதற்கு ஒப்பு. சாவி போட்டால்தான் மின்சாரம் வரும்படி ஒரு ரிலே வைக்க வேண்டும். ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும்; 30-க்குப் பேட்டரி, 87-லிருந்து சீட், 86-க்குச் சாவி, 85-க்கு எர்த் என்பது வழக்கம். நமக்குத் தெரிந்த ஒரு வணிகரின் வண்டியில் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்; போன பியூசுக்குப் பதில் செம்புக் கம்பி. சீட்டுக்கு அடியில் டேப் உருகி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, அந்த வண்டி மலைமேல் எரியாமல் இருந்தது ஆண்டவன் செயல் என்றே தோன்றியது.

வேறு வழியும் இருக்கிறது. சூட்டு விரிப்பு மட்டும் தனியாக, தெர்மோஸ்டாட், ரிலே, பியூஸ், சுவிட்ச் எல்லாம் சேர்ந்த கட்டாக விற்கிறார்கள். நம் வண்டியின் சொந்தச் சீட் உறைக்குள் தையற்காரரைக் கொண்டு வைத்துவிடலாம். போல்ட், தண்டவாளம், பெல்ட், எதையும் தொட வேண்டியதில்லை. இடுப்புக்கு, அதே சீட்டின் நுரையை நல்ல அடர்த்தியுள்ளதாக மாற்றி, இடுப்புப் பள்ளத்தில் ஒரு முட்டு வைத்துத் தைக்கச் சொல்லலாம். நம் டிரைவருக்கு நாம் செய்து கொடுத்தது இதுவே. மோட்டார் சீட் கிடைக்கவில்லை என்ற குறை அவருக்குக் கொஞ்சம் இருந்தாலும், இடுப்புப் பேச்சு நின்றுவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை ஆர்.சி.யில் பதியப்படுவது. மூன்று பேர் உட்காரும் நீளச் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு கார் சீட் மாட்டினால் எண்ணிக்கை மாறிவிடுகிறது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது; எப்.சி.க்குப் போய் நின்றபின் வாதாடுவதில் பயனில்லை.

இன்சூரன்ஸ் இன்னும் நுணுக்கமானது. கம்பெனியில் பொருத்தாத மின்சாதனங்களைத் தனியே மதிப்புக் குறித்து, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் வழி மோட்டார் பாலிசியில் உண்டு. சேர்க்காமல் விட்டு, அதன் ஒயரிங்கால் வண்டி எரிந்தால், சர்வேயர் முதலில் பார்ப்பது சீட்டுக்கு அடியைத்தான். வண்டியோடு போகும் சரக்கும் நம் கணக்கில்தான் நிற்கும். பழைய உதிரி வாங்கும்போது பில் கேட்டு வாங்கி, அது எந்தக் காரின் சீட் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாத சரக்கைக் கடையில் இறக்கமாட்டோம் அல்லவா? வண்டிக்குள்ளும் அதே கணக்குத்தான். திருட்டு வண்டியின் உதிரி என்று நாளை போலீஸ் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

கழற்றிய சொந்தச் சீட்டை மட்டும் அன்றைக்கே காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி, சீட்டோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, எலி ஏறாதபடி குடோன் பரண்மேல் போட்டு வையுங்கள். எப்.சி.க்கும் வேண்டியிருக்கும், வண்டியை விற்கும்போது வாங்குபவரும் அதைத்தான் கேட்பார்.